விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் போய்விட்டார்: உங்கள் பறப்பு வாத்தியாரைப் பற்றியும் எழுதுங்கள்

தாமிரபரணிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் குடகில், விராஜ்பேட்டைக்குப் பக்கத்தில், என் வாத்தியார் காலமானார். ஹைதராபாத் பக்கத்திலுள்ள துண்டிகல் ஏர்ஃபோர்ஸ் அகாடமியில் எனக்கு முதன்முதலாக விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கும் மேலாக நண்பர். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார்கள். அதனால் 'சார்' என்றே எழுதுகிறேன். நேரிலும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

நான் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து, கடக்வாஸ்லா என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துண்டிகல் போனவன். அப்போது அடிப்படைப் பயிற்சிக்கு எச்.பி.டி-32, அதாவது 'தீபக்'. எச்.ஏ.எல். நிறுவனத் தயாரிப்பு. 260 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின், மடங்காத சக்கரங்கள். ஆபத்தென்றால் வெளியே தூக்கி எறியும் எஜெக்ஷன் சீட் கிடையாது. கேடட் (பயிற்சி மாணவன்) இடது பக்கம், வாத்தியார் வலது பக்கம், தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார வேண்டும்.

சார் கீழே அதிகம் பேச மாட்டார். மேலே போனால் பேசுவார், அதுவும் அளந்து. பயிற்றுநர்கள் கையால் செய்வதை அதே கணத்தில் வாயாலும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்குப் 'பேட்டர்' என்று பெயர். மூக்கு ஏறும்போதுதான் மூக்கைப் பற்றிய சொல் வர வேண்டும். ஒரு வினாடி பிந்தினாலும் கேடட்டின் கண் வேறெங்கோ போயிருக்கும். சாரின் பேட்டரில் ஒரு சொல்கூட உபரியாக இருக்காது. நான் பிறகு எத்தனையோ பயிற்றுநர்களோடு பறந்துவிட்டேன், அந்தச் சுத்தத்தை இன்னொருவரிடம் பார்க்கவில்லை.

லேண்டிங் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். தரை நெருங்கும்போது புது ஆளுக்குக் கண் தானாகவே விமானத்தின் மூக்குக்கு முன்னாலுள்ள தரைக்குப் போய்விடும். கிட்டத்துத் தரை கண்ணுக்குள் வேகமாக ஓடும், உயரம் பிடிபடாது. ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) முந்தி இழுத்தால் விமானம் மிதந்து தொப்பென்று விழும், பிந்தி இழுத்தால் தரையில் மோதி எகிறும். சார் சொன்னது ஒன்றுதான்: "ரன்வேயின் அந்தக் கடைசியைப் பார்." அந்தக் கடைசியைப் பார்த்துக்கொண்டே இறங்கினால் ரன்வே கண்ணுக்குத் தட்டையாகிக்கொண்டே வரும். அது தட்டையாகிற வேகத்தை வைத்து உயரத்தைக் கணித்துவிடலாம். ஏஎன்-32 சரக்கு விமானத்தை லடாக்கின் லே விமானதளத்தில் இறக்கியபோதும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

இவ்வளவும் நடக்கும்போது அவர் கை தொடையின் மேல் இருக்கும். ஸ்டிக்கில் இருக்காது. அதை வேண்டுமென்றே எனக்குத் தெரியும்படி வைத்திருந்ததாகப் பல வருஷம் கழித்துச் சொன்னார். மாணவன் ஓரக்கண்ணால் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பானாம். அது ஸ்டிக்குப் பக்கம் நகர்ந்தாலே அவன் பிடி தளர்ந்துவிடும், 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று.

முதல் சோலோ, அதாவது முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று, ஃப்ளைட் கமாண்டர் என்னைச் சோதித்துவிட்டு இறங்கிக்கொண்டார். சார் நடந்து வந்து காலியான வலது சீட்டின் பெல்ட்டுகளை ஸ்டிக்கில் சிக்காதபடி இழுத்துக் கட்டினார். "ஓர் ஆள் எடை குறைகிறது. சீக்கிரம் ஏறும், சர்க்யூட் உயரம் (தளத்தைச் சுற்றிவரும் உயரம்) நீ நினைப்பதற்கு முன்னாலேயே வந்துவிடும். மூக்கைத் தாழ்த்தத் தயாராக இரு." வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது அந்தத் தகவல்தான்.

பயிற்சி முடியும்வரை என் ஊர் எது என்றுகூட அவர் கேட்டதில்லை. பாசிங் அவுட் முடிந்த அன்று ராத்திரிதான் மெஸ்ஸில் என் அப்பா அம்மாவைத் தேடி வந்து உட்கார்ந்து, "உங்கள் ஊரில் என்ன ஆறு?" என்று கேட்டார். காவிரி பிறக்கிற மண்ணின் ஆள், ஆற்றிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. தாமிரபரணியைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் நடுவில் மொழிபெயர்த்தேன்.

அப்புறம் நான் யெலஹங்கா போய் டிரான்ஸ்போர்ட் பைலட் ஆனேன். ஒவ்வொரு அக்டோபர் 8, விமானப்படை தினத்துக்கும் அவரிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வரும். நான் தாம்பரத்தில் பயிற்றுநர் பயிற்சிக்குத் தேர்வானபோது வந்தது மட்டும் கனமான உறை. மாணவன் பயப்படும்போது அவன் மூச்சை எப்படிக் கவனிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. அன்றைக்கு முதலில் வந்த போன் சாருடையது. நான் ஓய்வுபெற்றுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் என் குரலைக் கேட்கணும் என்று கூப்பிட்டார். 2024-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்த செய்தி வந்தபோதும் அவர்தான் முதலில் கூப்பிட்டார்.

சரி, நான் நிறுத்திக்கொள்கிறேன். உங்களுடையவரைச் சொல்லுங்கள்.

ராஜாளி பழசு

ஆழ்ந்த இரங்கல் சார். நான் கடற்படை. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் சேத்தக் ஹெலிகாப்டரில் பயிற்சி பெற்றவன்.

எங்களுக்கு லேண்டிங்கைவிடப் பெரிய கண்டம் ஹோவர், அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது. வலது கையில் சாய்க்கும் சைக்ளிக், இடது கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ், காலில் மூக்கைத் திருப்பும் பெடல்கள். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் திருத்த வேண்டும். என் வாத்தியார் மலையாளி, கண்ணூர்ப் பக்கம். முதலில் பெடலை மட்டும் கொடுத்தார். மூக்கு அந்தத் தென்னைமரத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள், மற்ற இரண்டும் என்னுடையது என்றார். அப்புறம் கலெக்டிவ் மட்டும். அப்புறம் சைக்ளிக் மட்டும். மூன்றையும் சேர்த்துக் கொடுத்த அன்று ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு ஊசலாடினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த மைதானத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினார்.

என் கல்யாணத்துக்குக் காட்பாடிக்கு வந்து பந்தியில் பரிமாறினார். இப்போது என் மகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார், வீடியோ காலில். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் என்ற அதே முறைதான்!

பீதர் பழையவன்

இரங்கல்கள். ஆனால் இந்த இழையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். நானும் க்யூ.எஃப்.ஐ., அதாவது தகுதிபெற்ற பறப்புப் பயிற்றுநர். பீதரிலும் ஹக்கீம்பேட்டையிலும் கிரண் ஜெட்டில் நிறையப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவன்.

வாத்தியாரும் மாணவனும் நண்பர்களாவதை நான் விரும்புவதில்லை. நட்பு வந்தால் கண் மங்கும். 'பையன் நல்லவன், இன்னும் ரெண்டு சார்ட்டி (ஒரு தடவைப் பறப்பு) பார்ப்போம்' என்று தோன்றும். அந்தப் பையன் தேறாமலே மேலே போவான், ஒருநாள் தன்னையும் கொன்று கூட இருப்பவரையும் கொல்வான். வானத்தில் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை. என் மாணவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். பயந்ததால் செக் லிஸ்டை மறக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இன்று பேரக்குழந்தைகளைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது போதும், தீபாவளி வாழ்த்து வராவிட்டாலும் பரவாயில்லை.

இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2009 ஜூலை 31-ல் ஒரு தீபக் விழுந்து இரண்டு பயிற்றுநர்கள் இறந்தார்கள். அதோடு அந்த ரகமே பறப்பது நின்றது. 2013-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி-7 வந்தது. அதிலும் 2023 டிசம்பர் 4-ல் மேதக் மாவட்டம் தூப்ரான் அருகே ஒரு பயிற்றுநரும் ஒரு கேடட்டும் போனார்கள்.

தாமிரபரணிக்காரன்

பீதர் சார், நீங்கள் சொல்வதில் பாதியை என் சாரே ஒப்புக்கொண்டிருப்பார். அதனால்தான் பயிற்சி நடந்த காலம் முழுக்க அவர் எனக்கு நண்பராக இல்லை. ஊர் பெயர்கூடக் கேட்காதவர் என்று எழுதியிருந்தேனே. பறந்து இறங்கியபின் நடக்கும் டீபிரீஃபிங்கில் என் சார்ட்டியைக் கிழித்துத் தொங்கவிடுவார். ஆனால் குரல் உயராது, ஆளைத் திட்ட மாட்டார். "மூன்றாவது லேண்டிங்கில் வேகம் அதிகம், கண் உள்ளே இருந்தது" என்பதோடு சரி.

பயத்தைப் பற்றி மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. தாம்பரத்தில் முடித்து நானே க்யூ.எஃப்.ஐ. ஆன பிறகு பார்த்தேன், வாத்தியாருக்குப் பயப்படுகிற கேடட் தனக்கு என்ன தெரியவில்லை என்பதை மறைப்பான். ஸ்பின்னிலிருந்து, அதாவது விமானம் சுழன்றுகொண்டே விழுவதிலிருந்து, மீளும்போது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று புரியாவிட்டாலும் புரிந்தது என்பான். பிறகு சோலோவில் அவனுக்கு யார் சொல்வார்கள்? என் சாரிடம் 'தெரியவில்லை சார்' என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் மதிப்பெண் குறைத்ததே இல்லை.

கோவை வரலாற்று வாசகர்

நான் சிவிலியன். விமான வரலாறு படிப்பதில் ஆர்வம் உண்டு. பயம் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன்.

முதல் உலகப்போரின் தொடக்க வருஷங்களில் ஆபத்தான நிலைகளை மாணவனுக்குக் காட்டாமலே விடுவதுதான் வழக்கம். கற்றுக்கொடுப்பவர்களுக்கே அதில் பயம். 1917-ல் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் அதைத் தலைகீழாக மாற்றினார். மாணவனை வேண்டுமென்றே ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோய், அதிலிருந்து அவனே மீண்டுவரக் கற்றுக்கொடுத்தார். ஆவ்ரோ 504 விமானத்தில் இரட்டைக் கட்டுப்பாடு, வாத்தியார் வாயிலிருந்து மாணவன் காதுக்கு ஒரு பேச்சுக்குழாய். 'கோஸ்போர்ட் குழாய்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. நீங்கள் சொல்லும் பேட்டர் அந்தக் குழாயில் பிறந்த கலைதான். அந்த மரபில் வந்த நம் பயிற்றுநர் பள்ளி 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. சென்னையில் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

ஒரு கேள்வி: தீபக்கிலும் கிரணிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வீர்கள். பி.சி-7-ல் கேடட் முன்னால், வாத்தியார் பின்னால். இதனால் உறவு மாறுமா?

பீதர் பழையவன்

மாறும். பக்கத்தில் இருந்தால் மாணவனின் தாடை இறுகுவது தெரியும், கண் எங்கே போகிறது என்று தெரியும். பின்னால் இருந்தால் தலையின் பின்பக்கமும் குரலும்தான். ஆனால் போர்விமானத்தில் கடைசியில் அவன் தனியாகத்தான் உட்காரப் போகிறான். முதலிலேயே பழகுவது நல்லது என்பவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி.

சேலையூர் மகள்

என் அப்பா எண்பதுகளில் தாம்பரம் பயிற்றுநர் பள்ளியில் ஸ்டாஃப். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான்.

அப்பாவிடம் படித்தவர்கள் எல்லாரும் ஏற்கனவே பைலட்டுகள். அவர்களை வாத்தியார்களாக மாற்றுவது அவர் வேலை. இரண்டு பேரை ஜோடி சேர்த்து அனுப்புவார்கள், ஒருவர் மாணவனாக நடிக்க மற்றவர் கற்றுக்கொடுக்க வேண்டும். சாயங்காலம் எங்கள் வராந்தாவில் மர விமான பொம்மையைக் கையில் பிடித்துச் சாய்த்துக்கொண்டு, நடந்துகொண்டே பேட்டர் சொல்லிப் பார்ப்பார்கள். பெரிய மீசை வைத்த ஆட்கள் பொம்மையோடு வாய்விட்டுப் பேசுவதைக் காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்து பார்ப்போம். எனக்கு ஒரு 'லூப்' (வானத்தில் செங்குத்து வட்டம்) எப்படிப் போடுவது என்று ஆறாம் வகுப்பிலேயே வாய்ப்பாடமாகத் தெரியும்.

நட்பு நாடுகளிலிருந்தும் அதிகாரிகள் வருவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் என் அம்மாவின் ரசத்துக்கு அடிமை. ஊர் திரும்பிய பிறகும் வருஷா வருஷம் எழுதுவார். அப்பா இறந்து பல வாரம் கழித்து அவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், தான் கற்றுக்கொடுத்த பைலட்டுகள் எல்லாரையும் அப்பாவின் பேரப்பிள்ளைகள் என்று எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள்.

பீதர் அங்கிள், உங்களைப் பார்த்துப் பயந்தவர்கள் உங்களை மறந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஒருமுறை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்.

தரைக்கட்டுப்பாடு

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தாமிரபரணி சார், நீங்கள் சொல்பவர் கூர்க், உயரமான ஆள், இடது புருவத்தில் ஒரு தழும்பு, சரிதானே? எனக்கும் அவர்தான் வாத்தியார். உங்களுக்கு இரண்டு மூன்று கோர்ஸ் பிந்தி.

என்னைப் பறப்பிலிருந்து நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர் அவர்.

இவ்வளவு மணி நேரத்துக்குள் சோலோ போக வேண்டும் என்று கணக்கு உண்டு. எனக்கு உயரம் பிடிபடவே இல்லை. ரன்வேயின் கடைசியைப் பார்த்தேன், எனக்கு அது தட்டையாகத் தெரியவில்லை. கூடுதல் சார்ட்டிகள் கேட்டு வாங்கிக் கொடுத்தார். வேறொரு பயிற்றுநரோடு அனுப்பிப் பார்த்தார். கடைசியில் முடிவெடுத்தார். அலுவலகக் கடிதம் வருவதற்கு முந்தின ராத்திரி என் அறைக்கு வந்தார். கேடட் அறைக்குப் பயிற்றுநர் வருவது வழக்கமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து நேராகச் சொன்னார்: "நாளை உன்னை நிறுத்துகிறார்கள். எழுதிக்கொடுத்தது நான். இது வேறு யார் வாயிலிருந்தும் உன் காதுக்கு வரக் கூடாது." காரணத்தை சார்ட்டி சார்ட்டியாக, லேண்டிங் லேண்டிங்காக விளக்கினார். ஒரு இடத்தில்கூட 'பாவம்' என்ற தொனி இல்லை. நான் கோபப்பட்டேன். அவர் அதற்கும் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எனக்குத் தரைப் பிரிவு, ஏர் டிராஃபிக் கன்ட்ரோல். ஒன்றரை வருஷம் அவர் கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வட இந்தியாவில் ஒரு தளத்தில், பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஹெட்செட்டில் அந்தக் குரல் கேட்டது. இறங்க அனுமதி கேட்கிறார். டவரில் யார் என்று அவருக்குத் தெரியாது. காற்று, பார்வைத்தூரம், ரன்வே நிலை எல்லாம் சொன்னேன். பார்வைத்தூரம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது, அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இறங்கி எஞ்சினை நிறுத்தியதும் நேராக டவர் படியேறி வந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "ஒரு சொல்கூட மிச்சம் இல்லாமல் பேசினாய்."

அவரிடம் படித்த எல்லாருக்கும் அந்தப் பாராட்டின் எடை தெரியும். அன்றையிலிருந்து கடைசிவரை என் குடும்பத்தில் ஒருவர் அவர். கைல்போது பண்டிகைக்கு நாங்கள் எல்லாரும் விராஜ்பேட்டை போவோம். குடகு வீடுகளில் அன்று துப்பாக்கிகளுக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். சார் துப்பாக்கிக்குப் பக்கத்தில் தன் ஃப்ளையிங் லாக்புக்கையும் வைப்பார். அதில் என் பெயர் எழுதிய பக்கத்தை எனக்கு ஒருமுறை காட்டினார்.

பீதர் சார், நட்பு வந்தால் கண் மங்கும் என்றீர்கள். அவர் என்னை நேசித்தார், அதனால்தான் என்னை இறக்கிவிட்டார். நான் உயிரோடு இருக்கிறேன்.

பீதர் பழையவன்

படித்தேன். நான் நீக்கிய கேடட்டுகள் யாருக்கும் நான் நேரில் போய்ச் சொன்னதில்லை. கடிதம்தான் போகும், அப்போது அதுதான் முறை என்று இருந்தது. உங்கள் வாத்தியார் செய்தது என்னைவிடக் கடினமான காரியம், மேலானதும்கூட. அவருக்கு என் சல்யூட்.

சேலையூர் மகள், இரண்டு பேரைக் கூப்பிட்டேன் அம்மா. ஒருவர் இப்போது பயணிகள் விமானத்தில் கேப்டனாம். அடுத்த வாரம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தாமிரபரணிக்காரன்

தரைக்கட்டுப்பாடு, அந்தத் தழும்பேதான்! உங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் எனக்கு எழுதியிருக்கிறார். 'நான் நிறுத்திய பையன் இன்று என்னைப் பத்திரமாக இறக்கினான்' என்று ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. உங்களுக்குப் பிரதி அனுப்புகிறேன்.

மேடம், சாரின் மனைவி, நேற்றுப் பேசினார்கள். சாரின் அலமாரியில் கையால் எழுதிய பேட்டர் நோட்டுகள் ஒரு கட்டு இருக்கின்றனவாம். தீபக்குக்கு ஒன்று, கிரணுக்கு இரண்டு, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு. கரையான் அரிக்கும் முன் ஸ்கேன் செய்து, மூலத்தைத் தாம்பரம் பயிற்றுநர் பள்ளிக்கே கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் விருப்பம். வரும் வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து காரில் போகிறேன். சத்தியமங்கலம், மைசூர், ஹுன்சூர், கோணிகொப்பல் வழி. உடன் வருகிறீர்களா?

தரைக்கட்டுப்பாடு

வருகிறேன். நான் ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து சத்தியமங்கலத்தில் ஏறிக்கொள்கிறேன். திம்பம் மலைப்பாதையில் ராத்திரி வண்டி விட மாட்டார்கள், காலை ஆறு மணிக்குத்தான் செக்போஸ்ட் திறக்கும். ஐந்தரைக்கு பண்ணாரி கோயில் வாசலில் நிற்போம். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.